புலிக்கு ஒரு தண்ணி பட்டன்

பிப்ரவரி 3, திங்கள்

முதலிலேயே ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். வேலைக்குச் சேரும்போது எட்டாவது பாஸ் என்று எழுதிக் கொடுத்தது பொய். அஞ்சாவது, அதுவும் அரைப்பரீட்சை வரைதான். பதினொரு வருடமாக யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது புதிதாக வந்திருக்கிற சூப்பர்வைசர் தம்பி ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, "தெனமும் என்னென்ன வேலை பாத்தீங்கன்னு எழுதணும்" என்று சொன்னதும் அந்தப் பொய் ஞாபகம் வந்துவிட்டது. எழுதிப் பார்த்தால் எழுத்து வரத்தான் செய்கிறது. கையெழுத்துத்தான் கோழி நடந்த மாதிரி இருக்கிறது. நல்லதாகப் போயிற்று, அவர் படிக்கமாட்டார்.

என் பெயர் பவுனுத்தாய். பெண்கள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் மாடி என் பொறுப்பு. கம்ப்யூட்டர் லேப் இரண்டு, பாத்ரூம் நான்கு, வராண்டா ஒன்று. கூட வேலை பார்ப்பவள் செவந்தி. என்னைவிட ஆறு வயது இளையவள், என்னை மதினி என்பாள்.

இன்றைய வேலை: லேப் இரண்டும் கூட்டியது. பாத்ரூம் கழுவியது. வராண்டா துடைத்தது.

மதியம் சாப்பிட்டபின் வழக்கம்போல வராண்டாக் கோடியில் ஆடுபுலி. தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய முக்கோணம், குறுக்கே கோடுகள், கோடுகள் சேருகிற இடமெல்லாம் புள்ளி, மொத்தம் இருபத்து மூன்று. புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு போயிற்று. ஆடுகள் சேர்ந்து புலிகளை நகர விடாமல் அடைத்துவிட்டால் புலி தோற்றது. எங்களுக்கு ஆடு என்றால் புளியங்கொட்டை. புலி, லேப் குப்பையில் கிடைத்த மூன்று கீபோர்டு கட்டைகள்.

நான்தான் எப்போதும் புலி. மூத்தவள் புலி எடுப்பது வழக்கம். வழக்கத்தை உண்டாக்கியது நான்தான், இருந்தாலும் வழக்கம் வழக்கம்தானே. பதினொரு வருடத்தில் செவந்தி ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

இன்றைக்கு மூன்று புலியையும் அடைத்துவிட்டேன் என்று கை தட்டினாள். நான் ஒரு புலியைத் தூக்கி மறுமூலையில் வைத்தேன்.

"என்ன மதினி இது?"

"புலி தண்ணி குடிக்கப் போயிருக்குடி. அடைபட்ட புலிக்குத் தாகம் எடுக்காதா?"

"அட ஆமா, மறந்தே போனேன்" என்றாள்.

அடைபட்ட புலி எந்தக் காலிப் புள்ளிக்கும் தண்ணி குடிக்கப் போகலாம் என்பது எங்கள் ஊர் ரூல்.

பிப்ரவரி 5, புதன்

லேப் கூட்டியது. ஜன்னல் துடைத்தது. 14-ஆம் கம்ப்யூட்டரின் கீழே சூயிங்கம். கரண்டியால் சுரண்டி எடுத்தேன்.

மூன்றாம் வருடப் பிள்ளைகள் இருவர் வந்தார்கள். ஜெர்லின், ஹசீனா. ஜெர்லினுக்கு வாய் மட்டும்தான், ஹசீனாவுக்குக் கை மட்டும்தான். அவள் பேசிக்கொண்டிருப்பாள், இவள் தட்டிக்கொண்டிருப்பாள்.

"அக்கா, ப்ராஜெக்டுக்கு ஜாவால ஒரு போர்டு கேம் பண்ணணும்க்கா. ஆடுபுலி பண்ணலாம்னு இருக்கோம். ரூல்ஸ் எல்லாம் சொல்லித் தர்றீங்களா?"

"ஏன் தாயி, மூணு வருசம் படிச்சு முடிச்சு ஆடு மேய்க்கப் போறீகளா?" என்றேன்.

"இல்லக்கா, சீரியஸா."

"புலிக்கு எந்தக் கோட்டாவுல சீட்டு? அதச் சொல்லுங்க முதல்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாளைக்கு வரட்டும், நன்றாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் என் பேச்சை டிவிகூடக் கேட்காது. இங்கே கேட்க ஆள் வந்திருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

செவந்தியிடம் போய்விட்டார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

லேப் கூட்டியது. பாத்ரூம் கழுவியது. 14-ஆம் கம்ப்யூட்டரை மட்டும் துடைக்கவில்லை. துணி ஈரமாக இருந்தது.

ஆடுபுலி அந்தக் கம்ப்யூட்டரில்தான் உருவாகிறது. எனக்கு அதில் ஒன்றும் இல்லை. துடைக்கிற சாக்கில் பார்த்தேன், அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பட்டன் வைக்கிறார்களாம். பட்டனை அமுக்கினால் ஆடு வந்து உட்காருமாம். ஆனால் ஜாவாவுக்கு எதையும் வரிசையாக அடுக்கத்தான் தெரியும் போல. இவர்கள் முக்கோணத்தைக் கொடுத்தால் அது இருபத்து மூன்று பட்டனையும் மாத்திரை அட்டை மாதிரி அடுக்கி வைத்திருக்கிறது.

"இதுல புலி எங்க பாயும், தலைவலி மாத்திரை மேலயா?" என்றேன். ஜெர்லின் சிரித்தாள். செவந்தி சிரிக்கவில்லை.

"சும்மா இருங்க மதினி. பிள்ளைக ரெண்டு நாளா மண்டையப் பிச்சுக்கிட்டு இருக்குதுக."

என்னை வாயை மூடச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

பிப்ரவரி 12, புதன்

வராண்டா துடைத்தது. தண்ணீர்த் தொட்டி கழுவியது.

வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தரையில் கிடந்த கோட்டை மேலிருந்து போட்டோ எடுத்து, அதைத் திரையில் பட்டன்களுக்குப் பின்னால் ஒட்டி, ஒவ்வொரு புள்ளியும் இடமிருந்து எத்தனை, மேலிருந்து எத்தனை என்று அளந்து பட்டனை வைக்கிறார்கள். அளவைப் படிப்பது யார் தெரியுமா? செவந்தி. ஸ்கேலைத் திரையில் பிடித்துக்கொண்டு, "இடது இருநூத்தி நாப்பது, மேல தொண்ணூறு, எழுதிக்க ஹசீனா" என்கிறாள், தாலுகா சர்வேயர் மாதிரி.

அந்தக் கோட்டைத் தரையில் போட்டது நான். போட்டோவில் யார் போட்டது என்று எழுதியிருக்காது.

பிப்ரவரி 13, வியாழன்

மதியம் செவந்தி வரவில்லை. கம்ப்யூட்டரோடு ஆடிப் பார்க்க வேண்டுமாம். கம்ப்யூட்டர் புலி, அவள் ஆடு. கதவோரம் நின்று பார்த்தேன். மவுஸைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள். பதினொரு வருடம் என் புளியங்கொட்டையைத் தொட்டிருக்கிறாள், ஒரு நாள் கழுவியதில்லை.

நான் தனியாக ஆடினேன். நானே ஆடு, நானே புலி. புலி ஜெயித்தது.

பிப்ரவரி 17, திங்கள்

லேப் கூட்டியது. மின்விசிறி துடைத்தது.

இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஒரு புலியை நகர்த்தினால் அது புதிய இடத்துக்கும் போகிறது, பழைய இடத்திலும் நிற்கிறது. நாலு தடவை நகர்த்தியதும் ஏழு புலி. எனக்கு மனது குளிர்ந்தது. "குட்டி போட்டுருச்சு, குவா குவா சத்தம் கேக்குதா பாருங்க" என்று சொல்லிவிட்டு மாப்பை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வருவதற்குள் ஹசீனா சரி செய்துவிட்டாள். பழைய படத்தைத் துடைத்துவிட்டுத்தான் புதுசைப் போட வேண்டுமாம், அந்த வரியை விட்டுவிட்டாளாம். துடைக்க மறப்பதுதான் அங்கேயும் பிரச்சினை. அதற்கு என்னைக் கேட்டிருக்கலாம்.

திரையின் ஓரத்தில் புதிதாக நீல நிறத்தில் ஒரு பட்டன் இருந்தது. அதில் 'தண்ணி' என்று எழுதியிருந்தது.

"இது என்னாடி?" என்றேன் செவந்தியிடம்.

"நம்ம ரூலு மதினி. புலி அடைபட்டா தண்ணி குடிக்கப் போகும்ல? நான்தான் சொன்னேன். மறக்காம வச்சுருக்குதுக பாருங்க."

பக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

லேப் கூட்டியது. கூட்டும்போது 14-ஆம் கம்ப்யூட்டரின் பிளக் கழன்றுவிட்டது. எப்படி என்று தெரியவில்லை. துடைப்பம் நீளமானது.

பிப்ரவரி 19, புதன்

நேற்று காலையில் எழுதியதை ஹசீனா சேமித்து வைக்கவில்லையாம். எல்லாம் போய்விட்டது. சத்தமில்லாமல் அழுதாள். மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தாள். வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கு நாலைந்தை அவள் பக்கத்தில் வைத்தேன்.

"எதுக்குக்கா?"

"தின்னு. மூஞ்சி வாடிக் கெடக்கு."

14-ஆம் கம்ப்யூட்டரைத் துடைத்தேன். பிளக்கை அழுத்தி வைத்து, மேலே செல்லோடேப்பும் ஒட்டினேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

லேப், பாத்ரூம், வராண்டா.

பெரிய சிக்கல். நாற்பது ஆட்டம் ஆடிப் பார்த்தார்களாம். நாற்பதிலும் புலிதான் ஜெயித்தது. ஆடு ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. அவர்களுடைய மேடம், குமுதவல்லி என்று பெயர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஒரு பக்கம் மட்டும்தான் ஜெயிக்கும்னா அது கேமே இல்ல. லாஜிக்ல எங்கயோ தப்பு. மார்ச் இருபத்தொண்ணு எக்ஸ்டர்னல் வர்றார். இப்படியே காமிச்சா ரெண்டு பேரும் ஃபெயில். சரி பண்ணுங்க."

வெளியூரிலிருந்து வருகிற பரீட்சைக்காரருக்கு எக்ஸ்டர்னல் என்று பெயர். ஜெர்லினுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, இதில் பாஸ் ஆனால்தான் சேர முடியும். ஹசீனாவைப் படிக்க வைத்ததே பெரிய சண்டைக்கு அப்புறம்தானாம். ஃபெயில் என்றால் வீட்டில் அடுத்த மாதமே கல்யாணப் பேச்சு.

"ரெண்டாயிரம் வரி இருக்குக்கா" என்றாள் ஹசீனா. அவள் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. "எங்கயோ ஒரு வரிதான் தப்பு. எந்த வரின்னுதான் தெரியல."

பாவம்.

எனக்கு எந்த வரி என்று தெரியும்.

பிப்ரவரி 27, வியாழன்

இதை எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

அப்படி ஒரு ரூல் எங்கள் ஊரில் இல்லை. எந்த ஊரிலும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், செவந்தியும் புதிது, நானும் புதிது. நான்தான் ஆடுபுலி சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது ஆட்டத்திலேயே என் மூன்று புலியையும் அடைத்துவிட்டாள். ஆபீஸ் ப்யூன், வாட்ச்மேன், கேன்டீன்காரி எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். முந்தாநாள்தான் அவர்களிடம், எங்கள் ஊரில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை என்று அளந்திருந்தேன். புலி தண்ணி குடிக்கப் போகும் என்று வாயில் வந்தது. சொன்னேன். நம்பினாள். அன்றைக்கே திருத்தியிருக்கலாம். அடுத்த நாளும் தண்ணி தேவைப்பட்டது.

அந்த ஒரு வாய்ப்பேச்சைத்தான் இந்தப் பிள்ளைகள் நீல நிறத்தில் பட்டன் ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 3, திங்கள்

லேப் கூட்டியது. கண்ணாடிக் கதவு துடைத்தது.

சொல்லிவிடலாம் என்றுதான் காலையில் போனேன். அங்கே ஜெர்லின் ப்ராஜெக்ட் புத்தகத்தைக் காட்டினாள். உள்ளே ஒரு பக்கம் முழுக்க செவந்தி போட்டோ. மகள் வளைகாப்புக்குக் கட்டிய பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால், மவுஸில் கை வைத்தபடி. கீழே 'விளையாட்டு வல்லுநர் திருமதி செவந்தி அவர்களுக்கு எங்கள் நன்றி' என்று அச்சடித்திருந்தது.

"எப்டி இருக்கு மதினி?"

"நல்லா இருக்கு. வெளக்கமாத்தத்தான் காணோம்" என்றேன்.

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எக்ஸ்டர்னல் வருவார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார். வல்லுநர் பட்டம் பறந்துவிடும். செவந்தி மறுபடி வராண்டாவுக்கு வந்து, பழையபடி எனக்கு எதிரே உட்காருவாள். இப்படி நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன். மத்தியானம் முழுக்க நினைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

ஹசீனா கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்துவிட்டது. இரண்டாயிரம் வரியையும் காகிதத்தில் எடுத்துத் தரையில் பரப்பி, பென்சிலோடு ஊர்ந்துகொண்டிருக்கிறாள். நான் லேப்பைக் கூட்டவில்லை. கூட்டினால் காகிதம் கலைந்துவிடும்.

மார்ச் 11, செவ்வாய்

பாத்ரூம் நான்கும் கழுவியது. ஃபினாயில் தீர்ந்தது.

மேடம் லேப்பில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் கதவுக்கு வெளியே. கேட்க வேண்டும் என்று நிற்கவில்லை, அங்கே தரை அழுக்காக இருந்தது.

"ப்ரோக்ராம் சரியா இருக்குன்னா அப்ப ரூல்தான் தப்பு. யாருங்க ரூல் சொன்னது?"

எல்லோரும் செவந்தியைப் பார்த்தார்கள். ஜெர்லின் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, அந்தத் தண்ணி ரூல்... நெட்ல எங்கயுமே இல்லக்கா. நீங்க சரியாத்தான் சொன்னீங்களா?"

"எங்க மதினி சொன்னதும்மா அது."

"அவங்களுக்குத் தப்பாத் தெரிஞ்சிருந்தா?"

"அவுகளுக்கா?" செவந்தி எழுந்தே விட்டாள். "மதினி கேலி பண்ணுவாக. வாய் கொஞ்சம் நீளம். ஆனா பொய் சொல்ற ஆளு இல்ல. அவுக ஊர்ல அவுகள அடிச்சுக்க ஆள் கெடையாது. ரூலு தப்புன்னு சொல்லாதீக, வேற எங்கயாச்சும் தேடுங்க."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கள நம்பி புக்ல போட்டோ வேற போட்டாச்சு" என்றார். அந்தப் பார்வையை நான் அறிவேன். தரையைத் துடைத்தபின் ஷூவோடு நடக்கிறவர்கள் பார்க்கிற பார்வை.

செவந்தி உட்கார்ந்துவிட்டாள். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். மவுஸைத் தொடவில்லை.

மார்ச் 12, புதன்

பாத்ரூம் நான்கு, ஒவ்வொன்றும் இரண்டு தடவை.

மார்ச் 13, வியாழன்

காலையில் நேராக லேப்புக்குப் போனேன். மூன்று பேரும் இருந்தார்கள். செவந்தி பக்கம் பார்க்காமல் ஹசீனாவிடம் சொன்னேன்.

"பாப்பா, அந்த நீலப் பட்டன எடுத்துரு."

"ஏங்க்கா?"

"எங்க ஊர்ல அந்த ரூல எடுத்துட்டாக."

"எப்போக்கா?" என்றாள் ஜெர்லின்.

"போன மாசம். கூட்டம் போட்டு."

சொல்லி முடித்ததும் எனக்கே கேவலமாக இருந்தது. ஹசீனா பட்டனை எடுத்தாள். எடுத்தாள் என்று சொல்லக் கூடாது, மறைத்தாள். முழுதாக எடுத்தால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற வேறு எதுவோ உடையுமாம். அதனால் உள்ளே அப்படியே இருக்கும், அமுக்கினாலும் வேலை செய்யாது, வெளியே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். "இப்பிடி மறைச்சு வைக்கிறது வழக்கம்தான்க்கா" என்றாள்.

பிறகு செவந்தியை ஆடச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் புலி, அவள் ஆடு. மெதுவாக ஒவ்வொன்றாக வைத்தாள். இரண்டு ஆடு போயிற்று. மீதிப் பதின்மூன்றும் தோளோடு தோள் சேர்ந்து ஏறி வந்தன. கால் மணி நேரத்தில் மூன்று புலியும் அசைய முடியாமல் நின்றன. திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. 'ஆடுகள் வென்றன'.

ஜெர்லின் ஹசீனாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். செவந்தி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எந்தக் கூட்டம் மதினி?"

"அது வந்து..."

"யாரெல்லாம் வந்தாக?"

"நான் மட்டுந்தான்டி" என்றேன். "பதினோரு வருசத்துக்கு முந்தி. நீ அடைச்சுட்ட. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாக."

அவள் விரலை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தாள். பாதியில் விட்டுவிட்டாள்.

"பதினோரு வருசம்" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

செவந்தி முதல் மாடிக்காரிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

லேப், பாத்ரூம், வராண்டா. செவந்தி என்னோடு பேசவில்லை. பக்கெட் வேண்டும் என்றால் பக்கெட்டைப் பார்த்துக் கேட்கிறாள். "இந்த வாளி காலியா?" வாளி பதில் சொல்லாது, நான்தான் சொல்கிறேன்.

வாட்ச்மேனிடம் போய் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருப்பாள் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். வழக்கம்போலத்தான் இருந்தார். "என்ன பவுனு, இன்னைக்கும் செவந்திக்குத் தோல்விதானா?" என்றார். அப்படியென்றால் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் பரவாயில்லை. நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

மார்ச் 21, வெள்ளி

எக்ஸ்டர்னல் வந்தார். லேப்பை மூன்று தடவை துடைத்தது. கண்ணாடி, மேஜை, நாற்காலிச் சக்கரம் எல்லாம். 14-ஆம் கம்ப்யூட்டரைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

எக்ஸ்டர்னல் வயதானவர், சட்டைப் பையில் மூன்று பேனா. ப்ரோக்ராமைப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், ஹசீனா சரியாகச் சொன்னாள். அப்புறம், "சின்ன வயசுல ஆடுனது" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். "நான் புலி. யார் ஆடு?"

மேடம் செவந்தியைக் கைகாட்டினார். செவந்தி போய்க் கை கழுவிவிட்டு வந்தாள்.

மனிதர் நன்றாகத்தான் ஆடினார். மூன்று ஆடு எடுத்தார். அப்புறம் ஒரு புலி மாட்டியது, பிறகு இன்னொன்று. கடைசிப் புலியை நகர்த்த இடம் தேடி மவுஸை அங்கும் இங்கும் அலைத்தார். ஓரத்தில் முன்பு நீலப் பட்டன் இருந்த வெறும் இடத்துக்குக்கூட ஒரு தடவை போய் வந்தார்.

"கட்டிட்டீங்களேம்மா" என்று சிரித்தார். "யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?"

நான் வாசலில் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மை வரட்டும், சொல்லட்டும் என்று இருந்தேன்.

"எங்க மதினிகிட்ட சார். பவுனுத்தாய்னு பேரு. அந்தா, வாசல்ல ஒரே கல்லத் தொடச்சுக்கிட்டு நிக்கிறாகளே, அவுகதான்."

"அப்ப உங்களவிட நல்லா ஆடுவாங்களோ?"

"பதினோரு வருசத்துல நான் அவுகள ஒரு தடவகூட ஜெயிச்சதில்ல சார்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எக்ஸ்டர்னல் மரியாதையாகத் தலை ஆட்டினார். இத்தனை வருடம் எந்தப் பார்வைக்கு ஏங்கினேனோ அதுதான் அது. மாப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் பார்த்தேன். மாப்பு ஒல்லியாக இருந்தது.

பிள்ளைகள் இரண்டு பேரும் பாஸ். ஹசீனா இரண்டு லட்டு கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் கொடுத்தாள். செவந்தி தன் லட்டில் பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்தாள். என்னிடமும் முழு லட்டு இருந்தது. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 24, திங்கள்

லேப் இரண்டும் கூட்டியது. பாத்ரூம் கழுவியது. காலையில் வராண்டா துடைத்தது.

மதியம் சோற்றுச் சட்டியை மூடும்போது எதிரே வந்து நின்றாள். கையில் சாக்பீஸ்.

"தள்ளுங்க" என்றாள். தரையில் அவளே கோடு போட்டாள். என் கோட்டைவிட நேராக இருந்தது, ஸ்கேல் பிடித்துப் பழகிய கை. புளியங்கொட்டைகளை எண்ணி எடுத்துக்கொண்டாள். மூன்று கீபோர்டு கட்டையையும் என் பக்கம் தள்ளினாள்.

"நீ வேணா புலி எடுத்துக்கடி."

"மூத்தவுகதான் புலி. வழக்கம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "தண்ணி கெடையாது."

"கெடையாது" என்றேன்.

கேன்டீன்காரி வந்து நின்றாள். அப்புறம் வாட்ச்மேன். அப்புறம் ஜெர்லினும் ஹசீனாவும் வந்து சுவரோரம் சாய்ந்துகொண்டார்கள். நான் ஒரு ஆடு எடுத்தேன், இன்னொன்று எடுத்தேன். "ஆட்டுக்கறி கிலோ என்ன வெல விக்குது செவந்தி?" என்று கேட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கொட்டையாக நகர்த்தினாள். முதல் புலி மாட்டியது. இரண்டாவது புலி மாட்டியது. மூன்றாவது புலிக்கு ஒரே ஒரு புள்ளிதான் பாக்கி. ஆட்டம் அவளுடையது. பக்கத்தில் இருந்த கொட்டையை விரலால் தொட்டாள். அதை அந்தப் புள்ளிக்கு நகர்த்தினால் முடிந்தது.

"மதினி" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. பதினொரு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

அப்போது என் பக்கத்தில் இருந்த வாளி சாய்ந்துவிட்டது. பாதி வாளித் தண்ணீர். கோடு முழுக்க அழிந்தது. புளியங்கொட்டைகள் படிக்கட்டு வரை மிதந்து போயின. ஒரு புலி மட்டும் அசையாமல் இருந்தது, மற்ற இரண்டையும் காணவில்லை. செவந்தி ஈரத்தில் உட்கார்ந்தபடியே என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கால் வாளிக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

மதியம் வராண்டா மறுபடி துடைத்தது.